படம் என்ற கட்டத்தில் ஒரு கோடு

பக்கவாதம் வந்த பன்னிரண்டாம் நாள் காலை எட்டே முக்காலுக்கு என் மாமனார் வாய் திறந்து பேசினார். “மன்னா, வடக்கு வாயில் காவலர் அனைவரும் இப்போது நம் ஆட்கள்” என்றார். நான் அப்போது அவருக்கு ரவை உப்புமா ஊட்டிக்கொண்டிருந்தேன்.

குரல் கணீரென்று இருந்தது. வாயின் வலது ஓரம் தொங்கியிருந்தும் ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து, என்ன சொன்னீர்கள் என்று அப்பாவைக் கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார். உதடுகள் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தன. எச்சில் ஒழுகப் போகிறது என்று நினைத்து நான் துண்டால் துடைத்துவிட்டேன்.

மனைவி உடனே ஜலகண்டாபுரத்துக்குப் போன் செய்தாள். அங்கே என் மாமியார் ஆறு விசைத்தறிகள் வைத்துத் துண்டு நெய்கிறார். தறிச் சத்தத்தில் முதலில் எதுவும் கேட்கவில்லை. மாமியார் வெளியே வந்து மறுபடி பேசினார். அவர் என்ன பேசினார் என்று மகளிடம் கேட்டார். மனைவி சொன்னாள். “அது அவரு படத்துல பேசுனது சாமி” என்றார் மாமியார்.

என் மாமனார் கறுப்பு வெள்ளைக் காலத்து நடிகர். பெயரைச் சொன்னால் இன்று பலருக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால் அறுபது தாண்டியவர்கள், “அட, அந்த ஆளா” என்பார்கள். ஜலகண்டாபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, ஒன்பது வயதில் பாய்ஸ் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அந்த நாடகக் கம்பெனியில் எந்தப் பையனுக்கு எப்போது காய்ச்சல் வரும் என்று தெரியாது என்பதால் எல்லாப் பையன்களும் எல்லா வேஷத்தின் வசனங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும். ராஜா வேஷம் கட்டுகிறவனுக்கு ராணியின் வசனமும் தெரிந்திருக்கும். குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு வெளியே வந்து சேலத்தில் ஒரு ஸ்டூடியோவில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். உயரமும் கனத்த புருவமும் இருந்ததால் வில்லனுக்குப் பக்கத்தில் நிற்கும் வேலை கிடைத்தது. தளபதி, சிறைக் காவலர் தலைவன், விஷம் கலக்கும் மந்திரி. ராஜா ராணிப் படங்கள் நின்ற பிறகு டாக்டர், நீதிபதி. டாக்டராக வந்தால் கதாநாயகனின் தாய் பிழைக்க மாட்டாள், நீதிபதியாக வந்தால் நிரபராதிக்குத் தண்டனை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கலர் படங்கள் பெருகியபோது அவருக்கு வாய்ப்பு குறைந்தது. சென்னைக்குப் போய்க் கம்பெனி கம்பெனியாக நிற்கவில்லை. ஊருக்குத் திரும்பினார். தறிகளை மாமியார் பார்த்துக்கொண்டதால் சாப்பாட்டுக்குக் குறையில்லை. அதன் பிறகு பள்ளி ஆண்டு விழா, நாமக்கல் பக்கம் லாரிக்காரர்கள் வீட்டுக் கல்யாணம், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்குப் பூசை என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். மைக்கைக் கொடுத்து ஒரு வசனம் பேசச் சொல்வார்கள். பேசுவார். கைதட்டுவார்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, நூல் லோடு வந்ததா என்று கேட்பார். ஐம்பது வருடம் வில்லனாக அறியப்பட்ட மனிதர் வீட்டில் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை.

நான் நாளிதழில் துணை ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்யாணமான புதிதில் ஞாயிறு மலருக்காக அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். வெள்ளைக் குதிரையில் அவர் கோட்டைக்குள் பாய்ந்து வரும் ஒரு காட்சியிலிருந்து அது தொடங்கும். அச்சில் வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். “நல்லா இருக்குதுங்க மாப்ளே. ஒரே ஒரு தப்பு இருக்குது. நீங்களே கண்டுபுடிங்க” என்றார். தேதிகளைச் சரிபார்த்தேன், படங்களின் வரிசையைச் சரிபார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கும்போதெல்லாம், “அப்பறம் சொல்றேன்” என்று சிரிப்பார். அப்படியே முப்பது வருடம் போயிற்று. மற்றவர்களின் எழுத்தில் தப்புப் பிடித்துச் சம்பளம் வாங்கிய எனக்கு அது ஒரு சின்ன முள்.

பக்கவாதம் வந்த பிறகு அவரைச் சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம். நடந்துபோகிற தூரத்தில் ஒரு கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருவர் இருந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். அவர் மாமனார் முன்னால் பழங்களின் படங்களையும், சாவி, சீப்பு, டம்ளர் போன்ற பொருட்களையும் வைத்துக் கேட்டார். எதற்கும் பதில் இல்லை. சீப்பைக் காட்டியபோது, “இந்த வாள் உன் தந்தைக்குரியது” என்றார் மாமனார். அந்தப் பெண் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

பிறகு என்னிடம் தனியாக விளக்கினார். “இது மனப்பாடம் சார். பாட்டு, ஸ்லோகம், வாய்ப்பாடு எல்லாம் மூளைல வேற வழியா வரும். தாத்தாவுக்கு அந்த வழி நல்லா இருக்கு. தேவைக்கு வார்த்தையைத் தேடி எடுக்கிற வழியிலதான் அடி. அவரா ஒரு வார்த்தை சொன்னா எனக்கு உடனே சொல்லுங்க. அதுல இருந்துதான் நான் ஆரம்பிக்க முடியும்.”

அவராக ஒரு வார்த்தை. அதை எப்படிக் கண்டுகொள்வது என்பதுதான் சிக்கல். அவர் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது வாக்கியங்கள் பேசினார். நான் அறுபது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். தேதி, நேரம், வாக்கியம், படம் என்று நான்கு கட்டங்கள். வாக்கியம் எந்தப் படத்தில் வந்தது என்று தெரிந்தால் அது அவருடைய பேச்சு இல்லை. எந்தப் படத்திலும் இல்லாத வாக்கியம் ஒன்று வந்தால் கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு போடலாம். அந்தக் கோட்டுக்காகக் காத்திருந்தேன்.

சரிபார்க்க ஆதாரம் இருந்தது. அந்தக் காலத்தில் நடிகர்களுக்கு அவரவர் வசனத்தைத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். மாமனார் அதைத் தம் கையால் இன்னொரு முறை எழுதி வைத்துக்கொள்வார். எழுதினால்தான் மனதில் நிற்கும் என்பார். நாடகக் கம்பெனி நாட்களிலிருந்து எழுதிய எல்லாத் தாள்களும் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. மாமியார் அந்தப் பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். நீல மை, ஓரங்களில் மூச்சு விடும் இடங்களுக்குச் சின்னச் சின்னக் கோடுகள், சில தாள்களின் பின்புறம் நூல்காரரின் விலாசம். நான் அவற்றைப் படம் வாரியாகப் பிரித்துக் கட்டி வைத்தேன். பத்து நாளில், அவர் ஒரு வாக்கியம் சொன்னால் எந்தக் கட்டில் தேட வேண்டும் என்று எனக்குப் பழகிவிட்டது.

வீட்டில் இதற்கு ஒரு வாழ்க்கை உண்டாகிவிட்டது. காலையில் பேப்பரைப் பிரித்தால், “ஓலையில் என்ன செய்தி?” என்பார். பல் துலக்கிவிடப் போனால், “என்னைத் தொடாதே, நான் இன்னொருவன் மனைவி” என்பார். அது பாய்ஸ் கம்பெனித் தாளில் இருந்தது. சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் மேசையில் சேர்ந்தன. வந்தவர்கள் முதலில் கண் கலங்கினார்கள், அரை மணி நேரத்தில் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். மனைவியின் பெரியப்பா மகன் ஒருவர், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர், மாமனாரின் எதிரில் நின்று எதிர் வசனம் பேசினார். மாமனார் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். இருவரும் ஒரு காட்சியை முழுவதும் நடித்து முடித்தார்கள். கைதட்டல் தெருவரை கேட்டது. அந்த வீடியோ எல்லாச் சொந்தக்காரர் போனுக்கும் போயிற்று.

ஜலகண்டாபுரத்தில் மாமியாருக்கும் போயிற்று. அடுத்த ஞாயிறு வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மாமனாரின் கட்டிலில், எப்போதும் போல அவருக்குப் பக்கத்தில், அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு. மாமனார் அவரைத் திரும்பிப் பார்த்து, “பெண்ணே, உன் விதியை நான் எழுதவில்லை” என்றார். மாமியார் கையை விட்டுவிட்டு எழுந்து என்னிடம் வந்தார்.

“மாப்ளைங்க, ஆருக்கோ பேசுனதை எல்லாம் எங்கிட்டப் பேசறாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும். அவரு உள்ள இருக்கறாரா, இல்லீங்களா?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன். நோட்டில் அப்போது எழுநூறு வாக்கியங்களுக்கு மேல் இருந்தன. கடைசிக் கட்டம் ஒன்றில்கூடக் கோடு இல்லை.

மூன்றாவது மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு மனைவி அவருக்குப் பால் கொடுத்தாள். மாத்திரைகளை முழுங்க முடியாததால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பொடித்துப் பாலில் கலந்து தருவது வழக்கம். அவர் ஒரு வாய் குடித்தார். டம்ளரை இடது கையால் தள்ளினார். அவளை உற்றுப் பார்த்தார்.

“இந்தப் பாலில் என்ன கலந்தாய்?” என்றார்.

என் மனைவி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு அழுதாள். கேள்வி பொருத்தமாக இருந்தது. பாலில் கலந்திருந்தது, அவருக்குக் கசந்திருக்கிறது, கேட்கிறார். நான் நோட்டை எடுத்து எழுதி, முதல் முறையாகப் படம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. அதற்குள் மனைவி போன் செய்துவிட்டாள். மாமியார் தறிகளை நிறுத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி, ஆறரைக்கு வந்து சேர்ந்தார்.

அவரே பால் காய்ச்சி, அவரே மாத்திரை பொடித்துக் கலந்து கொண்டுபோனார். மாமனார் ஒரு வாய் குடித்தார். டம்ளரைத் தள்ளினார். உற்றுப் பார்த்தார். “இந்தப் பாலில் என்ன கலந்தாய்?” மாமியார் சிரித்தார். அந்த மூன்று மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “மாத்தரைதானுங்க. வேற என்னத்தக் கலக்கப் போறேன்?” என்று பதில் சொன்னார். மாமனார் அவரையே பார்த்தார். வாய் அசைந்தது. நான் துடைத்தேன்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. இரண்டு முறையும் ‘பாலில்’ என்ற சொல்லுக்குப் பிறகு அதே அளவு நிறுத்தம். தாகத்தோடு, கசப்போடு கேட்கிறவர் அப்படி அளந்து நிறுத்த மாட்டார். மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து தகரப் பெட்டியைத் திறந்தேன். மந்திரி வேஷக் கட்டில், நான்காவது தாளில் இருந்தது. “இந்தப் பாலில்” என்று எழுதி, மூச்சுக்கோடு போட்டு, “என்ன கலந்தாய்” என்று. அடைப்புக்குள், ‘கோப்பையைத் தள்ளி, உற்றுப் பார்த்து’ என்றும் எழுதியிருந்தது.

சரிபார்க்காமல் செய்தி கொடுத்திருக்கிறேன். வேலையில் இருந்தபோது இதற்காக எத்தனையோ நிருபர்களிடம் கடுமையாக நடந்துகொண்டிருக்கிறேன். நோட்டில் போட்ட கோட்டை அடித்துப் படத்தின் பெயரை எழுதினேன். காபி குடிக்கும்போது மாமியாரிடம் தாளைக் காட்டினேன். அவர் அதை வாங்கி, எட்டப் பிடித்துப் படித்து, நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப அதுவும் வேசந்தானுங்களா” என்றார். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு முடிவைச் சொன்னார். இனிமேல் அந்தப் பெண்ணிடம் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். வெள்ளிக்கிழமை வேன் வைத்து ஜலகண்டாபுரத்துக்கே கொண்டுபோய்விடுவார். தறிக்கூடத்துக்கு அடுத்த அறையில் கட்டில் போட்டுப் பார்த்துக்கொள்வார். “வேசம் கட்டுனவராவே இருந்துட்டுப் போகட்டுங்க. நானும் இனிப் பேச்சுக்குக் காத்துட்டு இருக்கமாட்டேன்” என்றார். என் மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் பையை எடுத்து வைத்துவிட்டார். பதினோரு மணி பஸ்.

ஒன்பதரைக்கு, எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் போர்வெல் போட ரிக் வண்டி வந்தது. திருச்செங்கோட்டு வண்டி. கூடவே பைப் ஏற்றிய லாரி ஒன்று. இரண்டும் சேர்ந்து தெருவை முழுவதுமாக அடைத்துக்கொண்டன. ஆட்டோ உள்ளே வர வழியில்லை. முழங்கால் வலியோடு பஸ் நிறுத்தம் வரை மாமியாரால் நடக்க முடியாது. டிரைவரிடம் போய்க் கேட்டேன். “மத்தியானம் சாப்பாட்டுக்கு நிறுத்தறப்ப எடுத்துத் தாரேனுங்க” என்றார்.

எனவே மாமியார் உட்கார வேண்டியதாயிற்று. பாறைத்தூள் உள்ளே வராமல் ஜன்னல்களைச் சாத்தினோம். மாமனாரின் கட்டில் ஜன்னல் ஓரம். அந்த இடுக்கில் புழுக்கம் தாங்காமல் மாமியார் அவர் பக்கத்தில் உட்காராமல், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே, ஃபேனுக்கு நேர்கீழே உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவே ஐந்தாறு அடி. பிறகு இயந்திரம் ஓடத் தொடங்கியது.

ரிக் ஓடும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஷோகேசில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்தன. நானும் மனைவியும் இரண்டு முறை ஏதோ சொல்ல முயன்று விட்டுவிட்டோம். மாமனார் தலையணையில் சாய்ந்து மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் அசைந்தது. நான் வழக்கம்போலத் துண்டை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் கையைத் தட்டிவிட்டார். வலித்தது. என் காதருகே வாயை வைத்துக் கத்தினார்.

“தொடைக்காதீங்க. பேசறாரு.”

எனக்குப் புரியவில்லை. சத்தம் எதுவும் இல்லை, வாயில் எச்சிலும் இல்லை. மாமியார் என்னை நகர்த்திவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் கை ஊன்றி முன்னால் சாய்ந்தார். மாமனாரின் உதடுகள் அசைந்தன. மாமியாரின் உதடுகள் அசைந்தன. மாமனாரின் இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இப்படி எவ்வளவு நேரம் போயிற்று என்று கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றாத ஒரே சந்தர்ப்பம் அது. நான் எழுதிவைத்திருக்க வேண்டும், எழுதவில்லை.

பைப் மாட்டுவதற்காக இயந்திரம் நின்றபோது மாமியார் எங்கள் பக்கம் திரும்பினார். தறிக்கூடத்தில் ஐம்பது வருடம். ஆறு தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. அங்கே வேலை செய்கிறவர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். பாவு அறுந்தது, நூல் தீர்ந்தது, டீ வந்தது, அடுத்த வீட்டுச் சண்டை, எல்லாம் உதட்டில்தான். எங்களுக்கு அது தெரியாததல்ல. அந்த வீட்டில் பெண் எடுத்தவன் நான், அங்கே பிறந்தவள் என் மனைவி. இருவருக்கும் தோன்றவில்லை.

“இத்தன ஞாயித்துக்கெழம வந்தீங்களே அம்மா, ஏன் பாக்கலே?” என்று மனைவி கேட்டாள்.

“சத்தம் இருந்தாத்தான் நான் வாயைப் பாப்பேன் சாமி. சத்தம் இல்லாட்டிக் காதுதான்” என்றார் மாமியார். “அதுவும் பக்கத்துலயே ஒக்காந்துக்கிட்டேன்.”

என்ன சொன்னார் என்று நான் கேட்டேன். மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கேலி இருந்தது. “மொதல்ல என்ன சொன்னாருன்னு கேக்கறீங்களா? ‘அந்தத் துண்டத் தூக்கி வீசு’ன்னாரு. மூணு மாசமா அவரு எப்ப வாயத் தொறந்தாலும் நீங்க தொடச்சு உட்டுட்டீங்களாமா.”

நோட்டில் இரண்டாயிரம் வாக்கியங்களை எழுதியிருந்தேன். குரலோடு வந்த எல்லாம் அதில் இருந்தன. குரல் இல்லாமல் வந்ததைத் துடைத்திருக்கிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் இடையே அவர் சொன்ன வேறு ஏதோ ஒன்று துண்டோடு போயிருக்கிறது. இதை இப்போது அமைதியாக எழுதுகிறேன். அன்று நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆனால் முந்தைய நாள்தான் ஒரு தப்புச் செய்தி கொடுத்திருந்தேன். மாமியாருக்கு அவர் பேச வேண்டும் என்று எவ்வளவு ஆசை என்பதும் தெரியும். ஆசைப்பட்டவர்கள் உதட்டில் எதையும் படித்துவிடலாம். சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். மனைவி என்னை முறைத்தாள். மாமியார் முறைக்கவில்லை. “பாத்துக்கங்க. எனக்கும் நெசம்தான் வேணும்” என்றார்.

மாமியாருக்குத் தெரியாத, மாமனாருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்க வேண்டும். எனக்கு அதைத் தேட வேண்டியிருக்கவில்லை. கட்டில் அருகே போய், “மாமா, ஞாயிறு மலர்ல நான் எழுதுன கட்டுரை. அதுல ஒரு தப்பு இருக்குன்னு சொன்னீங்களே, அது என்ன?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். புருவம் ஏறியது. இடது பக்க வாய் ஓரம் மட்டும் மேலே போயிற்று. அது சிரிப்பு என்று எனக்கு அப்போதே தெரிந்தது. உதடுகள் அசைந்தன. நிறுத்தி, மறுபடி அசைந்தன. மாமியார் குழம்பினார். திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, தமக்கே நம்பிக்கை இல்லாத குரலில் சொன்னார்.

“என்னமோ குதிரைங்கறாரு. வெள்ளைக் குதிரை இல்லையாமா. செவலைக் குதிரையாமா. பவுடர் அடிச்சாங்களாமா. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. உங்களுக்கு வெளங்குதுங்களா?”

எனக்கு விளங்கியது. கட்டுரையின் முதல் வரியே வெள்ளைக் குதிரை. கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளையாகத் தெரிந்ததை நான் வெள்ளை என்று எழுதியிருக்கிறேன். தேதிகளை மூன்று முறை சரிபார்த்தவன் குதிரையின் நிறத்தைக் கேட்கவில்லை. நான் சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. மனைவி சிரித்தாள். மாமனாரின் வயிறு குலுங்கியது. காரணம் தெரியாமல் மாமியாரும் சிரித்தார். அந்த நேரம் பார்த்து இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. எங்கள் நால்வர் சிரிப்பும் எவருக்கும் கேட்கவில்லை.

மத்தியானம் ரிக் டிரைவர் வந்து, வண்டியை நகர்த்தியாயிற்று, ஆட்டோ வரலாம் என்று சொன்னார். மாமியார் பையைத் திரும்ப உள்ளே வைத்திருந்தார். தண்ணீர் வந்ததா என்று டிரைவரைக் கேட்டார். இன்னும் தூசிப் புகைதான் வருகிறது என்றார் அவர். மெதுவாகப் போடுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை என்று மாமியார் சொல்லியனுப்பினார். அந்தச் சத்தத்தை அந்தத் தெருவில் விரும்பிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

கிளினிக்கில் அந்தப் பெண் நாங்கள் சொன்னதைக் கேட்டு நாற்காலியை மாமனாருக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். வார்த்தை கிடைக்கிறது, மூச்சும் குரலும் அதோடு சேரவில்லை என்றார். சேர்த்துவிடலாம், நாளாகும், ஆனால் முடியும் என்றார். சீப்பைக் காட்டினார். மாமனாரின் உதடு அசைந்தது. “சீப்புங்கறாரு” என்றார் மாமியார். “‘தலைல மசுரே இல்ல, எனக்கெதுக்கு’ங்கறாரு.” இந்த முறை அந்தப் பெண்ணும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை வேன் வரவில்லை. தறிகளைப் பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு மாமியார் எங்களோடு தங்கினார். குரல் இன்னும் முழுதாக வரவில்லை. வசனங்கள் இப்போதும் வருகின்றன. பல் துலக்கும்போது அவர் இன்னும் இன்னொருவன் மனைவிதான். ஆனால் வசனம் முடிந்ததும் நாங்கள் காத்திருக்கிறோம். உதடு அசையும். நாங்கள் மாமியாரைப் பார்ப்போம். ரவை உப்புமாவில் நான் எப்போதும் உப்புக் குறைத்துப் போடுகிறேன் என்பது அப்படித்தான் தெரியவந்தது. வீடியோவில் எதிர் வசனம் பேசிய பெரியப்பா மகனைப் பற்றி அவர் சொன்னதை மாமியார் பாதியில் நிறுத்திவிட்டார்.

அதுதான் எனக்கு இருக்கும் ஒரே குறை. ஒரே ஆதாரத்தை நம்ப வேண்டியிருக்கிறது, அந்த ஆதாரம் செய்தியைச் சுருக்கிக் கொடுக்கிறது. போன வாரம் ஒரு காலை மாமனார் மாமியாரைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு மேல் உதடு அசைத்தார். நான் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “காப்பி வேணுமாமா” என்றார்.

“அவ்வளவுதானுங்களா அத்தை? ரொம்ப நேரம் சொன்னாரே?”

“சர்க்கரை கம்மியாமா” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

நான் தேதியையும் நேரத்தையும் எழுதினேன். வாக்கியம் என்ற கட்டத்தில் ‘காப்பி, சர்க்கரை குறைவாக’ என்று எழுதினேன். படம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.